கெட்டி ரத்தக்காரி

குளித்துவிட்டு வந்த பிறகு கால் மணி நேரத்துக்கு அவளிடம் யாரும் பேசக் கூடாது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கூடத்து மின்விசிறிக்கு நேர் கீழே, துணி வெட்டும் மேசையில் ஒரு கையை ஊன்றி நிற்பாள். மறு கையில் மர ஸ்கேல். அதை முதுகுக்குப் பின்னால் விட்டு மேலும் கீழும் இழுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்திருப்பாள். உடம்பில் ஒரு தடிப்பு இருக்காது. ஆனால் தண்ணீர் பட்ட இடமெல்லாம் அரிக்கும். "நூல் கோக்காம உடம்பு முழுக்க மிஷின் ஓட்டுற மாதிரி இருக்கு" என்பது அவள் தரும் விளக்கம். அந்த நேரத்தில் போன் அடித்தால் கணவர் எடுத்து, "இப்பத்தான் குளிச்சாங்க, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிடுவார். பழைய வாடிக்கையாளர்களுக்கு இது போதும். புதியவர்கள்தான், குளித்ததற்கும் பேசாததற்கும் என்ன சம்பந்தம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார்கள்.

இந்த அரிப்புக்காக அவள் சோப்பை மாற்றினாள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்தாள். கணவர் வாங்கி வந்த துண்டுதான் காரணம் என்று கொஞ்ச நாள் துண்டையும் கணவரையும் சேர்த்தே தள்ளிவைத்தாள். தோல் டாக்டர் கொடுத்த களிம்பைப் பூசிக்கொண்டு, பிடித்த கத்தரிக்கோல் கையில் நிற்காமல் வழுக்க வழுக்கத் திரிந்தாள். கடைசியில், இது தோலின் குற்றமே இல்லை, ரத்தத்தின் குற்றம் என்பதற்குத் துப்புக் கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் முன் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவைப் பார்த்தவர் பல்லைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

தெருவில் அவள் கர்ட்டன்காரம்மா. வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவள் கடை. மேல்தளத்தில் கொழுந்தனும் ஓரகத்தியும் அவர்கள் பெண்ணும். ஜன்னலுக்கும் வாசலுக்கும் திரைச்சீலை தைப்பது அவள் வேலை. சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்டுவது கணவர் வேலை. ஒரு வீட்டுக்குள் அளவெடுக்க நுழைந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் ஜன்னலருகே போய் நின்று வெளியே எட்டிப் பார்ப்பாள். "எதிர்வீட்டுக்காரர் இங்க நின்னுதான் பல்லு விளக்குவாரா? அப்ப ரெட்டைத் துணி போட்டுருவோம்." வீட்டுக்காரம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பதற்குள் ஸ்டூலின் மேல் ஏறியிருப்பாள். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே அடுத்த தெருவின் கதையைச் சொல்லி முடிப்பாள். ஓர் ஊசியும் விழாது, ஒரு கதையும் விடுபடாது.

நல்ல உயரம், நல்ல அகலம். உள்ளங்கை எப்போதும் செங்கல் தூக்கியவள் கைபோலச் சிவந்திருக்கும். கண்ணும் அப்படித்தான், இப்போதுதான் ஒரு சண்டையை முடித்துவிட்டு வந்த மாதிரி. பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். இத்தனை காலமும் ஊரார் இதையெல்லாம் ஆரோக்கியம் என்றே நினைத்தார்கள். "உங்களுக்கென்னம்மா, சுண்டுனா ரத்தம் வரும்போல இருக்கீங்க" என்பார்கள். பக்கத்தில், வெளுத்துப்போன நகங்களோடு, ஏணியைப் பிடித்துக்கொண்டு கணவர் நிற்பார். அவருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும் அவரும் பிரிந்த நாளே கிடையாது. "இவரச் சுண்டுனா தண்ணி வரும்" என்று அவள் சேர்த்துச் சொல்வாள். அவர் அதற்கும் சிரிப்பார். மறுத்துப் பேசத் தெம்பு வேண்டுமே.

இந்த ரத்தத்தின் மேல் அவளுக்குத் தனிப் பெருமை உண்டு. லேசில் கிடைக்காத வகை அது. இளவயதிலிருந்தே கொடுத்துவந்தாள். ரத்த வங்கியிலிருந்து போன் வந்தால் போதும், பாதி வெட்டிய துணியை மேசையில் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். கொடுத்ததோடு விட்டிருந்தால் அவள் பெரிய மனுஷி. விடமாட்டாள். தெருமுனைச் சலவைக்கடைக்காரர் ஒரு விபத்தில் சிக்கியபோது ஓடிப்போய்க் கொடுத்தவள், பிறகு ஒரு நாள் அவர் ஒரு திரைச்சீலையைச் சுருக்கிவிட்டபோது கடை வாசலில் நின்று, "என் ரத்தத்த உள்ள வச்சுக்கிட்டே என் துணியச் சுருக்குறீங்களே, இது அடுக்குமா?" என்று கேட்டாள். உள்ளே நின்ற வாடிக்கையாளர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் துணியை அவர் கையாலேயே துவைத்துக் கொடுக்கிறார்.

அதிகம் அனுபவித்தது ஓரகத்திதான். அவளுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் கண் செருகிக் கிடந்தபோது, ஆஸ்பத்திரியில் அந்த வகை கைவசம் இல்லை. இவள்தான் கையை நீட்டினாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இத்தனை வருடத்தில் ஓரகத்தி மாடியிலிருந்து குரலை உயர்த்தினால் கீழேயிருந்து ஒரே பதில்தான். "உனக்கு வர்ற கோபம் உன் கோபம் இல்லடி, என்னோடது. அந்த பாட்டில்ல வந்தது."

"அப்ப இறங்கி வர்றேன், திருப்பி எடுத்துக்கங்கக்கா. எனக்கும் நிம்மதியா இருக்கும்" என்பாள் ஓரகத்தி. எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. சண்டை மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

பல் டாக்டர் கைகாட்டிய ரத்த நோய் டாக்டர் சின்ன வயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். காகிதத்தைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு ரத்தம் ஜாஸ்தியா இருக்கும்மா" என்றார்.

"தெரியும் டாக்டர்" என்றாள், பரிசு வாங்கப் போகிறவள்போல.

அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது மெதுவாகத்தான் விளங்கியது. எலும்புக்குள் ரத்தம் தயாராகிற இடம் நிறுத்து என்றால் நிறுத்தவில்லை. சிவப்பணுக்களைச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் ரத்தம் கெட்டியாகிவிட்டது. குளித்ததும் அரிப்பதும், கண் சிவப்பதும், அடிக்கடி தலை கனப்பதும் அதனால்தான். எங்காவது கட்டிக்கொண்டு அடைத்தால் கை கால் விழும், இல்லை நெஞ்சு நிற்கும். வழி சுலபம்தான். தினமும் சின்ன மாத்திரை ஒன்று. பிறகு, ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு நூற்றுக்கு நாற்பத்தைந்துக்குள் அடங்கும்வரை அவ்வப்போது ஒரு பை ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். அடங்கின பிறகும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும்.

"இவ்வளவுதானா? நான் எப்பவும் குடுக்கிறதுதானே டாக்டர்."

"இல்லம்மா. இனிமே நீங்க யாருக்கும் குடுக்க முடியாது. எடுத்து அழிச்சிடுவோம்."

"எதுக்கு?"

"இது நோயாளி ரத்தம். வாங்குறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. அதனால எடுத்துக்கக் கூடாதுன்னு விதி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "இவருக்கு ரத்தம் கம்மி டாக்டர். மாத்திரைய முழுங்கி முழுங்கி நாக்குக் கறுத்ததுதான் மிச்சம். இங்கயே ஒரு குழாயப் போட்டு மாத்திவிட்டுட்டா ரெண்டு பேருக்கும் ஒரே செலவுல முடிஞ்சுரும். வீட்டு விஷயம், வெளிய தெரியப் போறதில்ல."

கணவர் கதவைப் பார்த்தார். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

முதல் முறை எடுத்தபோது நர்ஸுக்கு அரும்பாடு. "ரொம்பக் கெட்டியா இருக்கும்மா, குழாய்ல ஏறவே மாட்டேங்குது" என்றாள். "உழைக்கிறவ ரத்தம் அப்படித்தான் இருக்கும், நீ பொறுமையா இழு" என்றாள் இவள். பை நிறைந்ததும், அது எங்கே போகும் என்று கேட்டாள். எரித்துவிடுவோம் என்று நர்ஸ் சாதாரணமாகச் சொன்னாள். வீடு திரும்பும்வரை கர்ட்டன்காரம்மா பேசவில்லை. குளிக்காமலே பேசாதிருந்தது அன்றைக்குத்தான்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. ரத்தம் குறைந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். கூடினவர்களைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பார்க்க வந்தவர்கள் வழக்கப்படி பேரீச்சம்பழமும் மாதுளையும் வாங்கி வந்தார்கள். அவள் அந்தப் பையை வாங்கி அப்படியே கணவர் மடியில் வைப்பாள். "ரத்தம் கம்மின்னா ஊரே அழுவுது. ஜாஸ்தின்னா சிரிக்குது" என்று அலுத்துக்கொள்வாள். சலவைக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதையோ யோசித்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார்.

ரத்தம் எடுத்த நாட்களில் அவளுக்கு அசதி தட்டும். ரத்தத்தோடு இரும்பும் போய்விடுகிறது, ஆனால் இரும்பு மாத்திரை மட்டும் சாப்பிடக் கூடாது, அது எரிகிற அடுப்பில் விறகு வைத்த கணக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் கணவர் தன் மாத்திரை அட்டையில் நிறைய குழி காலியாக இருப்பதைப் பார்த்தார். அவளைக் கேட்டார். "உங்களுக்குத்தான் பிடிக்கவே மாட்டேங்குதே, எனக்காவது பிடிக்கட்டுமேன்னு பாத்தேன்" என்றாள். அன்றிலிருந்து அவர் மாத்திரைகளைத் துளை போடும் மிஷினின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்.

பிறகு அவள் போவதையே நிறுத்தினாள். முதலில் பெரிய ஆர்டர் என்றாள். அப்புறம் மழை என்றாள். மழை விட்டதும், "நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் குடித்தால் ரத்தமும் தண்ணீராகும் என்பது அவள் வைத்தியம். கணவர் விடாமல் கேட்டபோதுதான் நிஜக் காரணம் வந்தது.

"எரிக்கிறதுக்கு நான் எதுக்குங்க குடுக்கணும்? ஒரு ஆளு உசுரக் காப்பாத்துன ரத்தம் அது. குப்பையில போடுறதுக்குன்னு படுத்துக்கிட்டு கைய நீட்ட எனக்கு வராது."

கணவர் நிறையப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குத் தம் கட்டிக்கொண்டு ஓர் உதாரணம் சொன்னார். "செவுத்துல துளை போட்டா தூசி விழத்தான் செய்யும். அதப் பெருக்கிக் கொட்டிட்டுப் போறோம். யாருக்காச்சும் குடுக்கணும்னா வச்சிருக்கோம்?"

"ஓ. என் ரத்தம் உங்களுக்குச் செவுத்துத் தூசியாயிருச்சு."

அவர் அதன் பிறகு உதாரணம் சொல்வதை விட்டுவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலைவேளை. ஓர் அகலமான ஜன்னலுக்கான பட்டுத் துணி மேசையில் விரித்திருந்தது. அவள் அளந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை ஓட்டினாள். துணி வெட்டும்போது அவள் கோட்டைப் பார்ப்பதுகூட இல்லை. வாய் ஏதாவது பேசிக்கொண்டிருக்க, கத்தரி தன்பாட்டுக்கு நேராகப் போகும். அன்று பாதியில் பேச்சு நின்றது. கணவர் நிமிர்ந்தபோது கத்தரி கோட்டை விட்டு விலகி, துணியின் நட்டநடுவில் சாய்வாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் தன் கையையே, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வளையத்துக்குள் இருந்தன. அவளுக்கு அவை இருப்பது தெரியவில்லை. சிறிது நேரத்தில் உணர்வு திரும்பிவிட்டது. "துணி வழுக்குது. மட்டமான பட்டு" என்றாள்.

கணவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். வழுக்கவில்லை. அவர் மாடிக்குப் போய் ஓரகத்தியிடம் சொன்னார். அவள் நெடுநேரம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கத்தரி கோணியது கர்ட்டன்காரம்மாவையும் பயமுறுத்தத்தான் செய்தது. ரத்தம் குறைந்தாக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒத்துக்கொண்டாள். ஆனால் எரிக்கக் கொடுக்க மாட்டேன் என்பதில் மட்டும் அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டுமே என்று இருந்தவளுக்கு, ஓர் அலுவலகத்தில் திரைச்சீலை மாட்டப் போன இடத்தில் அது தானாக அகப்பட்டது. அங்கே அந்த வாரம் ரத்ததான முகாம் நடக்கும் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். நடத்துவது வேறு ஒரு ரத்த வங்கி. அவள் முகம் தெரிந்தவர் யாரும் வரப்போவதில்லை. போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் உடம்பிலும் குறையும், ரத்தமும் ஒருத்தருக்கு உதவும். இத்தனை படித்த டாக்டருக்கு இது தோன்றவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

முகாம் நாளில், அளவெடுக்கப் போவதாகச் சொல்லி ஓரகத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தனியாகப் போனால் கணவர் கேள்வி கேட்பார். அலுவலகக் கூடத்தில் மடக்குக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். ஏசி நடுங்க வைத்தது. ஓரகத்தியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "மேனேஜரப் பாத்துட்டு வர்றேன்" என்று போனவள், மேசையில் உட்கார்ந்திருந்த இளைஞனிடம் படிவத்தை வாங்கி எழுதினாள். நோய் எதுவும் உண்டா? இல்லை. மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா? இல்லை. பெயர் என்ற இடத்தில்தான் பேனா கொஞ்சம் நின்றது. சொந்தப் பெயரை எழுதினால் எங்காவது பதிவில் தட்டுப்படலாம். ஓரகத்தியின் பெயரை எழுதினாள். அவள் உடம்பில் ஓடுவதும் இதே ரத்தம்தானே, பேரில் என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

இளைஞன் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான். இருவரும் எழுந்தார்கள்.

இளைஞன் இருவரையும் பார்த்தான். "நீ உக்காருடி" என்றாள் பெரியவள்.

"என் பேரத்தானே கூப்பிடுறாங்க?"

"உன் பேருதான். உக்காரு."

ஓரகத்தி கட்டில்களைப் பார்த்தாள். பைகளைப் பார்த்தாள். பெரியவளின் மடித்துவிட்ட ரவிக்கைக் கையைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. தம்பி ஒரு நிமிஷம் என்று இளைஞனிடம் சொல்லிவிட்டு, அவள் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இது யாருக்குப் போகும்?"

"யாருக்கோ. தேவைப்படுறவங்களுக்கு."

"யாருக்கோன்னா? அன்னிக்கு அந்த யாரோ நான்தான். கண்ணு செருகிக் கிடந்தேன். யாரு குடுத்தா, என்ன குடுத்தான்னு எனக்குக் கேக்கத் தெரியுமா?"

"குடுத்தது நான்தானேடி. நல்லாத்தானே இருக்க."

"அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்." அவள் முழங்கையை விடவில்லை. "அப்பவே இது உங்களுக்கு இருந்துச்சா?"

பெரியவள் மடித்துவிட்ட ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"குளிச்சா அரிக்குதுன்னு எப்ப ஆரம்பிச்சீங்க? எம்பொண்ணு பொறக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ஞாபகம் வரல. அந்த டாக்டர்கிட்ட நானே தனியாப் போனேன். ஒருத்தர் உடம்புல இருந்து இன்னொருத்தருக்குத் தொத்துற சீக்கு இல்லம்மா, பயப்படாதீங்கன்னாரு. எனக்கும் டெஸ்ட் பண்ணிப் பாத்தாரு. ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ரிசல்ட்டு வர்றவரைக்கும் நான் எப்படி இருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். எம்பொண்ணு தலைய வாரிவிட்டுக்கிட்டே நின்னேன், பின்னினதையே அவுத்து அவுத்துப் பின்னினேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல." மூச்சு விட்டுக்கொண்டாள். "நீங்க தெரியாமக் குடுத்தீங்க. அதனால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்குத் தெரிஞ்சே குடுக்கப் போறீங்க. அதுவும் என் பேர்ல."

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எதிர்க் கட்டடத்தில், யாரோ ஒருத்தர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அரிப்பு எப்போது தொடங்கியது என்று அவளுக்கும் ஞாபகம் வரவில்லை. முன்னால் என்று தோன்றியது. பின்னால் என்றும் தோன்றியது. ஞாபகப்படுத்திக்கொள்ள முடியாத ஒன்றுக்கு முதல்முறையாகப் பயந்தாள்.

பிறகு நேராக மேசைக்குப் போனாள். இளைஞன் முன்னால் இருந்த படிவத்தை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"அம்மா, குடுக்கலையா?"

"இந்த ஏசியில என் ரத்தம் உறைஞ்சேபோச்சு தம்பி. மனுஷங்க வர்ற இடம்னு கொஞ்சமாச்சும் நினைப்பு வேணாமா? வேற ஆளப் பாரு."

அவன் பதறி எழுந்து ஏசியைக் குறைக்கப் போனான். அவன் மேல் தப்பே இல்லை. எங்காவது ஒரு சண்டை போடாமல் அவளால் ஓர் இடத்தை விட்டு வெளியே வர முடியாது, அவ்வளவுதான். வாசலில் தானம் கொடுத்தவர்களுக்கென்று வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தின் பக்கம் கை போனது. ஓரகத்தி பார்த்தாள். கை திரும்பி வந்தது.

டாக்ஸியில் ஏறியதும், "ஆஸ்பத்திரிக்கு விடுப்பா" என்றாள். பாதி வழிவரை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ராத்திரியெல்லாம் தூங்காமக் கிடந்தியா?"

"தூங்கினேன். சும்மா சொன்னேன்."

"பொய் சொல்லாதடி."

"சரி, தூங்கல."

"வாய் இருக்குல்ல? மாடியிலேர்ந்து இறங்கி வந்து கேக்க வேண்டியதுதானே."

"கேட்டா, என் ரத்தத்தையே சந்தேகப்படுறியான்னு குதிச்சிருப்பீங்க."

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். "குதிச்சிருப்பேன்தான்" என்றாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா" என்று அவருக்கும் ஒன்று கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். "எங்கம்மா போயிட்டீங்க இத்தனை நாளா?" என்று கேட்டுக்கொண்டே விரலில் குத்திப் பார்த்தவள், மிஷினில் வந்த எண்ணைப் பார்த்ததும் கேள்வியை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். கை மரத்துப் போனதை ஓரகத்திதான் சொன்னாள். டாக்டர் வந்து நிற்கவைத்துப் பார்த்தார், நடக்கவைத்துப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார், தலைக்கு ஸ்கேன் எழுதினார். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒரு பை எடுத்துருவோம்" என்று முடித்தார்.

கட்டிலில் படுத்தாள். ஊசி ஏறியது. ரத்தம் வழக்கம்போல அவசரமே இல்லாமல் குழாயில் இறங்கியது. பக்கத்துக் கட்டிலையும் இதையும் பிரித்து ஒரு பச்சைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. பாதிக் கொக்கி கழன்று, ஒரு பக்கம் தரையைக் கூட்டிக்கொண்டும் மறு பக்கம் கம்பியில் சுருண்டும் கிடந்தது. மறைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் மறைத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓய்வாக இருந்த கையை எட்டி நீட்டி, துணியின் விளிம்பைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள்.

"அசையாதீங்கம்மா, ஊசி நழுவிரும்."

"அந்தக் கைதான் உன்னோடது. இந்தக் கை என்னோடது" என்றாள். "யாருடி இத மாட்டுனது? கண்ணு தெரியாத ஆளா?"

"யாருக்குத் தெரியும்" என்றாள் ஓரகத்தி, கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

பெரியவள் துணியை விரல்களுக்கிடையே விட்டு விட்டு மடிப்புப் பிடிக்கத் தொடங்கினாள். ஒற்றைக் கையால் மடிப்பு நிற்கவில்லை. பிடித்தது அவிழ்ந்தது. மறுபடி பிடித்தாள். பை நிறைந்துவிட்டது. நர்ஸ் குழாயை இறுக்கி வெட்டி, பஞ்சை வைத்து அழுத்தி, பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள். அந்தப் பை எங்கே போகிறது என்று கர்ட்டன்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மடிப்பின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே, துணியின் மறு முனையை ஓரகத்தியின் பக்கம் நீட்டினாள்.